இரண்டும் ஏழும் இடம் மாறியபோது

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் எனக்கு வேலை. நிற்கிற வேகன்களின் நம்பரை நடந்து நடந்து எழுத வேண்டும். பதினோரு இலக்க நம்பர் வந்த புதிது. மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், எனக்குக் கொண்டாட்டம். இடமிருந்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்தாம் இடத்து இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, மீதி ஆறு இலக்கங்களையும் சேர்த்தால் விடை பூஜ்யத்தில் முடிய வேண்டும். ஒரே ஒரு இலக்கம் தப்பினாலும் முடியாது. நடந்துகொண்டே மனக்கணக்காகப் போட்டுவிடுவேன். திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு மத்தியானம், அச்சில் விரிசல் என்று மெக்கானிக் காட்டிய வேகனின் நம்பரைச் சீட்டில் எழுதினேன்: 10060117242. அதை வண்டியிலிருந்து கழற்றிவிட வேண்டியவர் புளியந்தோப்புக்காரர், என்னைவிட இளையவர். எட்டு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. தேடிவிட்டு வந்து சீட்டை நீட்டினார்.

"இந்த நம்பரு இங்க இல்லவே இல்லக்கா. ரெண்டு தபா பாத்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கண்ணெதிரே கூட்டிக் காட்டினேன். அறுபது. "கணக்கு சரியா வருது. போய் ஒழுங்கா பாரு." எழுந்து போய் வேகனையே காட்டியிருக்கலாம். வெயிலுக்குச் சோம்பல்பட்டேன். அவர் மூன்றாம் முறை தேடும்போதே வண்டி கிளம்பிவிட்டது. சீட்டை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். எண்ணூர் போகும் வழியில் அந்த வேகன் தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

விசாரணை அன்று காலை, புரண்ட வேகனின் நம்பர் அறிக்கையில் இருந்தது: 10060112742. என் பையில் கிடந்த சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஏழும் இடம் மாறியிருந்தன. நம்பாமல் கூட்டினேன். சரியான நம்பருக்கு ஐம்பது, நான் எழுதியதற்கு அறுபது. இரண்டுமே பூஜ்யம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை அவற்றின் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு நகரும். வித்தியாசம் ஐந்தென்றால் சரியாகப் பத்து. பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். இத்தனை நாள் அந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. சீட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன்.

அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நம்பரைச் சரியாகக் கொடுத்தீர்களா?"

"கூட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன் சார்" என்றேன். அதில் பொய்யில்லை. சீட்டு பையிலேயே இருந்தது.

நிரந்தரப் பட்டியலிலிருந்து புளியந்தோப்புக்காரர் பெயரை எடுத்துவிட்டார்கள். வாசலில் எனக்காக நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"நீ கூட்டிக் காட்டினியேக்கா, அது தப்பாப் போவாது. மூணு தபா பாத்தும் எனுக்குத் தெரியல. கண்ணுதான் பேஜார் பண்ணுது போலகீது. கண்ணாசுபத்திரிக்கு எப்புடிப் போவணும்?"

எந்த பஸ், எந்த ஸ்டாப், காலையில் எத்தனை மணிக்குச் சீட்டுப் போடுவார்கள் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினேன்.