ரொட்டியோடு நின்ற கப்பல்

என் மேல்வீட்டு ஃபோக்கோ, எம்டன் துறைமுகத்தில் கப்பல்கள் உள்ளே வரும் கடல் மதகைத் திறந்து மூடிய ஆள். "என் காலத்துல எந்தக் கப்பலும் எனக்காகக் காத்து நின்னதில்ல" என்பான். என் புருஷனைப் புதைத்த அன்றுகூட அதைச் சொன்னான். கெட்டவன் இல்லை. என் வாசல் பனியைக் கேட்காமலே அள்ளிப் போடுவான். வாய்தான் கோளாறு.

ஓய்வுக்குப் பிறகு கணினியில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டான். தீவுகளில் ஊர் கட்டி, கப்பலில் சரக்கு அனுப்ப வேண்டும். எதிர்வீட்டு எய்ல்ட்டும் கூட்டு. எய்ல்ட் ரொட்டிக்கடை வைத்திருந்தவன். பெரிய கடைகள் வந்து அவன் அடுப்பை அணைத்துவிட்டன. அந்தப் பேச்சை அவன் முன்னால் யாரும் எடுப்பதில்லை. விளையாட்டில் ஊரும் அடுப்பும் எய்ல்ட் பாடு. கப்பல்கள் ஃபோக்கோ பாடு. எங்கே எதை ஏற்றி எங்கே இறக்குவது என்று ஒருமுறை சொல்லி வைத்தால், கப்பல் தானாகவே போய்வந்துகொண்டு இருக்குமாம்.

குளிர்காலம் முழுக்கக் கட்டிய பெரிய தீவில் திடீரென்று ரொட்டி இல்லை. சனங்கள் வீட்டைக் காலி செய்து போனார்கள். அந்த ஞாயிறு இருவரும் என் வீட்டுக்குத் தேநீருக்கு வந்திருந்தார்கள். ஃபோக்கோ கேக்கை மென்றுகொண்டே சொன்னான்:

"நெசக் கடையயும் மூடின. இப்ப பொய்க் கடையயும் மூடிட்டியேடா."

எய்ல்ட் முதல் கோப்பை முடிந்ததும் கரண்டியை அதற்குள் வைத்தான். போதும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மூன்று கோப்பைக்கு முன்னால் எழுந்திருப்பது வீட்டுக்காரிக்கு அவமரியாதை. தேநீரில் குறையில்லை என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

தான் சொன்னதை நிரூபிக்க மாடிக்கு ஓடிய ஃபோக்கோ, முகம் செத்துப்போய் இறங்கி வந்தான். கப்பலில் ஓர் அறை ரொட்டிக்கு, ஓர் அறை மீனுக்கு. இரண்டும் நிரம்பாமல் கிளம்பாதே என்று கட்டளை போட்டவன் இவன். கப்பல் பட்டறைக்கு இடம் வேண்டும் என்று சரக்கு ஏற்றும் துறையிலிருந்த மீன்பிடிக் குடிசைகளை இடிக்கச் சொன்னவனும் இவனே. மீன் எங்கிருந்து வரும்?

"ரொட்டி பூரா என் கப்பல்லதான் கெடக்கு," என்றான். "இப்ப கெளப்பி விட்டுட்டேன். ஊரு தானா நிமிந்துரும். அவனுக்குத் தெரிய வேணாமே."

"கடையப் பத்திச் சொன்னியே, அத எந்தக் கப்பல்ல ஏத்தித் திருப்பிக் கொண்டாருவ?" என்று கேட்டேன்.

அந்த வாரம் எதிர்வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால், ஃபோக்கோ குப்பைப் பையோடு பாதிப் படியில் நின்று திரும்பி ஏறுவான். மதகு ஆண்ட மனுஷன், படிக்கட்டில் ஒளிந்தான்.

அடுத்த ஞாயிறு எய்ல்ட்டை நானே போய் அழைத்து வந்தேன். ஃபோக்கோ கோப்பையில் கற்கண்டு போடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

"மீனே இல்லாத துறையில மீனுக்காகக் கப்பல நிறுத்தி வெச்சது நான்தான்டா. உன் அடுப்புல குத்தமில்ல." காது வெந்த இறால் மாதிரிச் சிவந்தது. "அப்புறம், அன்னைக்கு நான் சொன்ன அந்த..."

கற்கண்டுக் கிண்ணத்தை இழுத்தான்.

"சொல்லிட்ட," என்றான் எய்ல்ட். "விடு. கேக் எடு."

இரண்டாவது கோப்பையைக் குடித்துவிட்டுக் கரண்டியை உள்ளே வைத்தான். ஃபோக்கோ அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதை ஊற்றட்டுமா என்று நான் கேட்கவில்லை. கெண்டியில் மிஞ்சி ஆறிப்போனதை, அவர்கள் போன பிறகு, நானே குடித்தேன்.