தறி நின்றால் ஒரு சந்தேகம்

போன வருடம் ஆடி முடிந்து கல்யாணப் புடவை ஆர்டர்கள் குவியத் தொடங்கியிருந்த நேரம். காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறேன். புடவையை வீடியோ காலில் காட்டி நேரடியாக விற்பது எப்படி என்று நெசவுக் குடும்பங்களுக்கு ஆன்லைனில் சொல்லித்தர வேண்டும்.

எனக்குப் பிறகு சேர்ந்த ஒருத்திக்கும் அதே வேலை, தனி வகுப்பு. என் வகுப்பில் பாதியிலேயே ஆட்கள் நழுவுவார்கள். ஸ்லைடு, வினாடி வினா, பரிசு என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். பக்கத்து அறையில் அவள் வகுப்பிலோ ஒரே சிரிப்பு. வயிறு எரியும். போதாததற்கு, இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி ஒருவரிடமே கொடுக்கப்போவதாக மேனேஜர் வேறு சொல்லியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் வகுப்பை என்னை எடுக்கச் சொன்னார்கள். உள்ளூர எனக்கு ஒரே குஷி. அவள் ஆட்களை என் பக்கம் இழுத்துவிட்டால், ஒன்றாக்கும் வகுப்பு எனக்குத்தானே!

வகுப்பைத் திறந்தால் காதைப் பிளக்கிற சத்தம். போனைத் தறிச்சட்டத்தில் கட்டிவைத்து, நெய்தபடியே கேட்கிறார்கள். வழக்கம்போல எல்லோரையும் மியூட் செய்துவிட்டு ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் இங்கேயும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

சின்ன காஞ்சிபுரத்து அக்கா ஒருவர் தானே மைக்கைத் திறந்தார்.

"ஏம்மா, எங்க வாயை அடைச்சிட்டு யாருக்குப் பாடம் எடுத்துக்கினு இருக்கிற?"

"தறி சத்தத்துல ஒண்ணும் கேக்காதேக்கா."

"எங்களுக்குப் பழகின சத்தம்தான், நீ பேசு. எங்க டீச்சர் அதைத்தான் கேட்டுக்கினே இருப்பாங்க. எந்தத் தறி நின்னாலும், அங்க என்னா சந்தேகம்னு உடனே கேப்பாங்க. சந்தேகம் வந்தா கை தானா நின்னுடும், ஆனா நாங்களா கேக்கக் கூச்சமா இருக்குதுமா."

'எங்க டீச்சர்' சுருக்கென்று தைத்தது. இது அவளுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்கு ஏன் தோன்றவில்லை?

மைக்குகளைத் திறந்துவிட்டேன். "வாங்கபா, நம்ம வாயைத் தொறந்துவுட்டாங்க" என்று அக்கா வாட்ஸ்அப் குரூப்பில் குரல் செய்தி போட, போனவர்கள் திரும்பி வந்தார்கள். திரையில் தறி ஓடுகிற கட்டங்களைச் சுற்றி, சத்தம் வருவதைக் காட்டும் பச்சைக் கோடு மின்னியது. நான் பேசப் பேச, ஒன்று மட்டும் அணைந்தது.

"ஐயம்பேட்டை அண்ணா, தறி நின்னுடுச்சே?"

தயங்கினார். "ஜன்னலாண்ட புடவையைக் காட்டினா சரிகை வெள்ளையா அடிக்குதுமா. போலி சரிகையான்னு வாங்குறவங்க கேக்குறாங்க."

வெளிச்சம் நேராக விழாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான், மொத்தத் தறியும் நின்றது. ஆளுக்கொரு புடவையோடு ஜன்னலுக்கு ஓடினார்கள். நேரம் முடிந்தும் ஒருவரும் நகரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடைபெறும்போது அந்த அக்கா சொன்னார்: "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தம்மா. நாளைக்கு எங்க டீச்சருக்குத் தொண்டை சரியாயிடும் இல்ல?"

ஒன்றாக்கிய வகுப்பு அவளுக்கே போனது. எனக்குப் புது ஆட்களோடு ஒரு வகுப்பு கிடைத்தது. அங்கே மியூட் பொத்தானை நான் தொடுவதே இல்லை. ஒரு தறி நின்று ஒரு கேள்வி தயங்கித் தயங்கி வெளியே வரும்போதெல்லாம், இது அவள் யோசனை என்று இன்னமும் எரிகிறது. ஆனால் பேசிக்கொண்டே இருந்த என்னைக் கேட்க வைத்ததும் அந்த எரிச்சல்தான் என்பதால், அது முழுசாகத் தணிந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதில்லை.