ஐஸ்பெட்டியில் விளைந்த கிழங்கு

மரேவா விளைவித்த பாபாய்க் கிழங்கை ஊர்க்கூடத்துக்குத் தூக்கிப்போக நாலு ஆள் வேண்டியிருந்தது. அபையாங் தீவில் யார் வந்து கேட்டாலும் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள். கேட்பவர் கண்ணை விரித்தால், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், ரெண்டு ஆள்தான் என்று இறங்கி வருவாள்.

கிழங்குக்குப் பேர் போன குடும்பம் அது. பாபாய் நடத் தோண்டிய குழியில் என்ன தழை போடுகிறான் என்பதை அவள் புருஷன், சாகும்வரை, கூடப் பிறந்த தங்கை தெபூவாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் குழிக்குள்தான் பெரிய அலை புகுந்தது. உப்பேறி, ஆள் உயர இலைகளெல்லாம் வெந்தாற்போல் சுருண்டன.

அதே வருஷம் மகன் இயோத்தேபாவுக்கு நியூசிலாந்தில் குடியேற ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்தது. நீயும் வந்துவிடு, கடலோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவாய் என்று கெஞ்சினான். மரேவா அவனைத் தடுக்கவில்லை. கருவாட்டு மூட்டையைத் தானே கட்டிக் கொடுத்தாள்.

"நீ போடா. எல்லாரும் போயிட்டா, நாளைக்குத் திரும்பி வந்து எங்க உக்காருவ?"

அவள் கேட்டது வீட்டைப் பற்றியல்ல. ஊர்க்கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்து பேசினால்தான் பேச்சு எடுபடும். விருந்துக்குப் பாபாய் கொண்டுவராத குடும்பம் எழுந்து ஓரமாகப் போகவேண்டியதுதான். தீவின் நடுவே மேட்டில் குழி வைத்திருந்த பெரியவர் பௌரோ, அடுத்த விருந்துக்கும் வெறுங்கையோடு வந்தால் இடத்தைப் பக்கத்துக் குடும்பத்துக்கு விட்டுவிடு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மீன் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஐஸ்பெட்டியை மரேவா இழுத்து வந்தாள். உப்புப் படாத மண், அழுகிய இலை, தப்பிப் பிழைத்த ஒரே ஒரு கன்று. மழை பொய்த்த நாட்களில் தன் குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாள்.

"ஐஸ்பெட்டியில மீனை வைப்பாங்க மதினி. நீ எங்க அண்ணன் மானத்தை வச்சிருக்க," என்றாள் தெபூவா.

விருந்தன்று மற்றவர்கள் தங்கள் கிழங்கைக் கழியில் கட்டித் தூக்கிவந்தார்கள். மரேவா நேராக நடந்து புருஷன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவித்த கிழங்கை மூடியிருந்த இலையை விலக்கினாள்.

பௌரோ குனிந்து பார்த்தார். "இது கிழங்கா, கிழங்கோட மூக்கா?"

கூடம் சிரித்து ஓயும்வரை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"மூக்கு தண்ணிக்கு மேல இருந்தா போதும் மாமா, ஆள் சாகலைன்னு அர்த்தம். அறுத்துப் பங்கு வைங்க."

வந்த கிழங்கைப் பெரியவர் கையால் அறுக்கவேண்டும். அவரும் அதைத் தின்றுவிட்டால், கொண்டுவந்தவர் இடத்தை ஒப்புக்கொண்டதாகும். பௌரோ சுற்றிலும் பார்த்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேட்டுக் குழிக்காரர்களும்தான், அலை அடுத்து எங்கே ஏறும் என்று அவர்களுக்கென்ன தெரியும்? கத்தியை எடுத்தார். ஆளுக்கு நகக்கண் அளவு வந்தது. கடைசித் துணுக்கைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

இயோத்தேபாவின் இடம் அங்கேயே இருக்கிறது. மரேவா இப்போது அதில் உட்கார்ந்துதான் ரெண்டு ஆள் கதையைச் சொல்கிறாள். பின்னாலிருந்து தெபூவா விடமாட்டாள்.

"ரெண்டு ஆளும் இல்ல. தேங்காச் சிரட்டையில வச்சு ஒத்தைக் கையில கொண்டாந்தா. பௌரோ மாமா தொண்டையில அதை இறக்கத்தான் ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."