ஆரோக்கியமேரி அக்கா வீட்டில் என் குரல் திரும்பியது

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே, இதை என் சொந்தக் குரலில் உங்கள் முன் நின்று சொல்கிறேன். அதுவே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்!

போன தவக்காலத்துக்குச் சற்று முன்பு தைராய்டு கட்டிக்காகக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, குரலும் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். நரம்பு பாதித்திருக்கிறது, குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நம் கோயிலில் பதிலுரைப் பாடல் பாடுகிறவள் நான். சாம்பல் புதனன்று வேறொருவர் பாடினார். நெற்றியில் சாம்பலோடு தலத்தெருவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகைக்குக்கூடச் சத்தம் இல்லை. உமக்காகத்தானே பாடினேன், அதையா எடுத்துக்கொண்டீர் என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளைப் போய்ப் பாருங்கள் என்று பங்குத்தந்தை கேட்டிருந்தார். என் பங்குக்கு வந்தவர் ஆரோக்கியமேரி அக்கா. பக்கவாதத்தில் படுத்தவர், பேச்சும் கிடையாது. பேச முடியாத இரண்டு பேர் உட்கார்ந்து என்ன செய்வது என்ற கசப்போடுதான் போனேன்.

அக்கா, அசைகிற ஒரு கையால் தன் ஜெபமாலையை என் கையில் வைத்தார். சத்தமில்லாமல் இருவரும் மணி உருட்டினோம். பாடியே பழகிய எனக்கு, ஆண்டவர் பேசுவதைக் கேட்கவும் வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. பிறகு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். போகப் போக, ஜெபத்தில் என் குரலைக் கேட்பதற்கு முன்பாக அக்காவின் சுகத்தைக் கேட்கத் தொடங்கினேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளி. அக்காவுக்குக் கஞ்சி ஊட்டும்போது புரையேறியது. கண் செருகி, முகம் நீலம் பாய்ந்தது. அவர் கணவர் அந்தோணி அண்ணன் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தார். அக்காவைத் தாங்கிப் பிடித்திருந்த நான் விட்டுவிட்டு ஓட முடியாது. இயேசுவே என்று உள்ளுக்குள் கதறினேன்.

"அண்ணே, ஓடியாங்க! அக்காவுக்கு அடைச்சிகிச்சு!"

கத்தியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்!

அண்ணன் ஓடிவந்து அக்காவைக் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். அடைப்பு விலகி, அக்காவுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா ரீட்டா, நீயாம்மா கூப்ட்ட?"

"ஆமாண்ணே" என்றேன். கரகரத்த, உடைந்த குரல். மூன்று பேரும் அழுதோம்.

நரம்பு மெல்லத் தேறி வந்திருக்கிறது என்றார் டாக்டர். அவருக்கு என் நன்றி. ஆனால் அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலியில் அல்லேலூயா பாடினேன். மேல் சுருதி எட்டவில்லை. ஆனால் அப்படியொரு மகிழ்ச்சியோடு நான் பாடியதே இல்லை. இன்றும் வெள்ளிக்கிழமை என்றால் அக்கா வீடுதான்.

நெஞ்சில் பாரத்தோடு இந்தத் தவக்காலத்துக்குள் வந்திருக்கிறவர்களே, ஆண்டவரோடு வேண்டுமானால் சண்டை போடுங்கள், விலகி மட்டும் போகாதீர்கள். உங்களைவிட அதிகம் துன்பப்படும் ஒருவரின் கதவைப் போய்த் தட்டுங்கள். அங்கே நமக்கு முன்னாலேயே ஆண்டவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.