ஈரல் பொங்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டில் ஒரு ஈரல் துண்டு பொங்கவில்லை. அதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை…

என் மகள் கலா, ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். தரை துடைப்பது, கண்ணாடிக் குழாய் கழுவுவது. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆன பிறகு, இப்போது தொலைதூரக் கல்வியில் காலேஜ் படிக்கிறாள். பாடம் உயிர்வேதியியல். பெஞ்சு கிடையாது, பக்கத்தில் பார்த்து எழுத ஆள் கிடையாது. புத்தகம், செல்போன் — அவ்வளவுதான். அவள் பாத்திரம் விளக்கும்போதும் போனில் ஒரு சார் பாடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன வருஷம் இந்தப் பேப்பர் போய்விட்டது, ஃபெயில். "இந்த வாட்டியும் பூட்ச்சின்னா புக்க எடைக்குப் போட்ருவேன் நைனா" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை செய்முறைத் தேர்வு. வீட்டிலிருந்தே போன் வீடியோவில் சாருக்குச் செய்து காட்ட வேண்டும். காயத்துக்கு ஊற்றுவார்களே, பெராக்சைடு… அதை ஈரல் மேல் ஊற்றினால் நுரை பொங்க வேண்டுமாம்.

புளியந்தோப்புக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்தேன். கலா குளிக்கப் போயிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடிகிறதா? எங்கள் வீட்டில் ஈரல் வந்தால் மஞ்சள், உப்பு போட்டு ஒரு கொதி விட்டுத்தான் வைப்போம். விட்டேன். அழகாகத் துண்டு போட்டுத் தட்டிலும் வைத்தேன்.

அவள் வந்து, சரிபார்க்க ஒரு துண்டில் மருந்தை ஊற்றினாள். ஒரு குமிழி கூட இல்லை. பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"நைனா, இத்த இன்னா பண்ண?"

"கழுவனேன்."

"கழுவனா மஞ்சளா ஆவுமா?"

"ஒரு கொதி வுட்டேம்மா. கவுச்சி அடிக்குமேன்னு."

"வேக வைக்காதன்னு சொல்லிட்டுதான் நானு குளிக்கப் போவணுமா? சார் இப்ப லைன்ல வந்துருவாரு."

திட்டியிருந்தால் பரவாயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் படியிறங்கி ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம்தான். கீழே அஞ்சலை மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சல, ஒரு மீன் ஈரல் குடு. சீக்கிரம்."

"ஈரல் மட்டுமா? மீன யாரு துன்றது? வூட்ல பூனை வளக்கிறியா?"

"பரிச்சைக்கு."

"உனக்கா மாமா?"

"கலாவுக்கு."

அதற்கு மேல் கிண்டல் இல்லை. பெரிய மீனாகப் பார்த்து வயிற்றைக் கீறினாள். "கழுவித் தரட்டா?"

"கைய எடு. அப்படியே குடு."

மேலே வந்தால், சார் ஏற்கெனவே போனில். கலா மீன் ஈரலில் ஒரு துண்டு வெட்டி மருந்தை ஊற்றினாள். குபுகுபுவென்று ஏறியது பாருங்கள் நுரை…

துறைமுகத்தில் நான் ஐஸ் பாளம் தூக்கிய காலத்தில், காலில் கொக்கி கிழித்தால் இதே மருந்துதான். நுரை பொங்கும். உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியே வருகிறது என்று மனசு குளிர்ந்துபோவோம். அழுக்கு இல்லையாம். நம் ரத்தத்திலேயே, சதையிலேயே என்சைம் என்று ஒன்று இருந்து, அந்த மருந்தை உடைக்கிறதாம். கலா சாரிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷமாகப் பொங்கியது என் அழுக்கு இல்லை, நான்தானா?

சார் தட்டைப் பார்த்துவிட்டார். "அது என்னம்மா, மஞ்சளா?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எங்கப்பா வேக வச்சிட்டாரு சார். ஆட்டு ஈரல். பொங்கல."

"ஏன் பொங்கல?"

புத்தகம் கட்டில் மேல் இருந்தது. கலா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "சூட்டுல என்சைமோட வடிவம் கலைஞ்சிடும் சார். வடிவம் போனா வேலை செய்யாது."

"சரி. ஆனா ஒண்ணு ஆடு, ஒண்ணு மீன். சூட்டாலதான் நின்னுச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? ஒரே ஈரல்ல பாதியை வேக வச்சுக் காட்டுங்க."

கலா கதவுப் பக்கம் திரும்பினாள். "நைனா, இந்த மீன் ஈரல்ல மீதிய ஒரு கொதி வுடு. மஞ்சள் போடாத."

விட்டேன். ஆறவைத்து மருந்தை ஊற்றினாள். பொங்கவில்லை. பொங்கக் கூடாதே என்று நான் அதற்கு முன் எந்த அடுப்பின் முன்னாலும் நின்றதில்லை.

செய்முறையில் பாஸ் என்றார் சார். எழுத்துத் தேர்வு பாக்கி. பிள்ளைகளுக்கு நாம் செய்யும் உதவியில் பாதி, அவர்கள் கேட்காமலே வேக வைத்ததுதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே அடுத்த பாடத்தைத் திறந்துவிட்டாள். அதற்கு இரண்டு முட்டை வேண்டுமாம்… வாங்கி வருவதோடு என் வேலை முடிந்ததாம்.