புகை படிந்த மலை

மார்கழி பிறந்துவிட்டால் பிச்சைமுத்துவைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கள்ளக்குறிச்சியில் பாதித் தெரு அவரைத்தான் தேடும். கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிற தன் ஊரிலிருந்து விடியற்காலையிலேயே வாளியும் சுண்ணாம்பு மட்டையும் ஏணியுமாகச் சைக்கிளில் கிளம்பிவிடுவார். வேலை சுத்தம், கை நிதானம். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். படம் மாட்டியிருக்கிற சுவருக்குப் போனால் ஆள் அங்கேயே நின்றுவிடுவார். கையில் மட்டை இருக்கும், சுண்ணாம்பு முழங்கை வரை வழியும், ஆள் மட்டும் அந்தப் படத்துக்குள் எங்கேயோ போயிருப்பார். கூப்பிட்டால்தான் திரும்பி வருவார்.

வெள்ளையடிப்பதற்கு முன்னால் சுவரில் இருக்கிற படங்களை இறக்க வேண்டும். இறக்கியதில் கண்ணாடி கீறியது, கரையான் அரித்தது, நிறம் வெளுத்தது எதையும் வீட்டுக்காரர்கள் மறுபடி மாட்டுவதில்லை. குப்பையில் போடவும் மனசு வராது, சாமியாயிற்றே. "பிச்சமுத்து, போற வழியில அரச மரத்தடியில வெச்சிட்டுப் போயிடு" என்று அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரும் பயபக்தியோடு கொண்டுபோய் வைப்பார். ஆனால் மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போகும்போது, படம் கரைந்துபோய் வெறும் சட்டமும் கண்ணாடியும் மட்டும் கிடந்தால், மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். சாமி போன பிறகு வெறும் கட்டைதானே என்பது அவர் கட்சி.

அந்தச் சட்டங்களுக்குள் அவர் போடுவது சாமி படமில்லை. பழைய காலண்டர்களில் வருகிற ஆறு, பாலம், பனி மூடிய ஊர், படகு, ரயில். ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் அவருக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் தெருவில் சட்டம் போட்டு மாட்டுவது இரண்டே வகைப் படங்களைத்தான். அவர் மனைவி செல்லியம்மாள் களை எடுக்கப் போய்விட்டு அலுத்துச் சலித்து வருகிறவள். சுவரைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சாமியும் இல்ல, செத்துப்போனவங்களும் இல்ல. இன்னாத்துக்கு இதெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டிக்கினு கீற?"

"பாக்கறதுக்குத்தான்" என்பார் பிச்சைமுத்து. அதற்கு மேல் அவருக்கு விளக்கம் சொல்லத் தெரியாது.

காசு போட்டுச் சட்டம் வாங்குகிற வசதி அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. அதனால் மூளையைப் போட்டார். மரத்தடிச் சட்டம் கிடைக்காவிட்டால் பழக்கடையில் தூக்கிப் போடுகிற ஆப்பிள் பெட்டிப் பலகையை இழைத்து அவரே செய்துகொள்வார். பின்பக்கத்துக்கு டிவி வந்த அட்டைப் பெட்டி. அந்த அட்டை நேராகப் படத்தைத் தொட்டால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் நடுவில் வெள்ளைச் சார்ட் தாள். கண்ணாடியும் படமும் ஒட்டக்கூடாது, ஒட்டினால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் தோலோடு உரிந்து வரும். அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஓரத்தில் கொடுப்பார். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் முடிந்தாலும் பத்திரிகை அவர் வீட்டுக்கு வந்துவிடும். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம், பூச்சி வராமலிருக்க. தேய்ந்த ரப்பர் செருப்பை நறுக்கிப் பின்பக்கம் நாலு மூலையிலும் ஒட்டிவிட்டால் சட்டம் சுவரைத் தொடாது, காற்று போய்வரும், ஓதம் ஏறாது. செருப்பைப் படத்தில் ஒட்டுகிறாரே என்று செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். சாமி படமில்லை என்பதால் அதோடு விட்டுவிடுவாள்.

அவர்கள் வீட்டுப் படங்களில் ஒன்று மற்றவற்றைப் போல இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி அரங்கநாதன் வீட்டில் வெள்ளையடித்தபோது, "பழசு, வேணும்னா எடுத்துக்கய்யா" என்று அவர் கொடுத்தது. தடித்த தாள். விடியற்கால நேரம். நீலமாக ஒரு ஏரி, அதன்மேல் பால் தெளித்தது போல வெள்ளை மூடுபனி, பின்னால் ஒரு மலை, கரையில் ஓட்டு வீடு ஒன்று. எந்த நாட்டு ஊரோ தெரியாது. யாரோ வரைந்ததை அச்சடித்திருந்தார்கள்.

பிச்சைமுத்துவின் மகள் எழில்மதி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். சின்ன வயதில் தூங்கப் போகுமுன் தினமும் ஒரே கேள்விதான். "அந்த வூட்ல இப்ப இன்னாப்பா பண்ணிக்கினு இருப்பாங்க?" அவரும் சளைக்காமல் சொல்வார். இப்பத்தான் எழுந்து பல் விளக்குறாங்க. மாடு கன்னு போட்டிருக்குது. படகு தண்ணி குடிச்சிட்டுது, தண்ணிய வெளியே எறைச்சு ஊத்திக்கினு கீறாங்க. சொல்லச் சொல்ல அவருக்கே அந்த வீட்டுக்காரர்களைத் தெரியும் என்று ஆகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் மூடுபனி இறங்கியிருந்தால், ஏரிக்கரை வீட்டில் இன்றைக்கு விறகு ஈரமாயிருக்குமே என்று அவர் கவலைப்பட்டதுண்டு. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

எழில்மதிக்குத் திருநாவலூரில் மாப்பிள்ளை அமைந்தான். பெயர் சரத்குமார், உளுந்தூர்பேட்டையில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், அமைதியான பையன். வருகிற தையில் கல்யாணம் என்று ஐப்பசியில் பேசி முடித்தார்கள். பாத்திரம் பண்டம் எதைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்த ஏரிப் படம் மட்டும் குடுத்துடுப்பா. அங்க மாட்டிக்கறேன்."

பிச்சைமுத்து எச்சில் கையோடு எழுந்துபோய் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைக் கீறல் இல்லாமல், கறை இல்லாமல், முதல்நாள் பார்த்த நீலத்தோடு அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஐப்பசியிலிருந்து அவருக்கு அதே நினைப்புதான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலைப் பக்கம் மழை பிடித்தால் இங்கே கீழே விடாது. சுவரெல்லாம் ஓதம். ஒருநாள் பாலம் இருக்கிற படத்தைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தால், கரையான் சட்டத்துக்குள் மண்பூசிக் குடித்தனமே வைத்திருந்தது, பாலத்தில் பாதி இல்லை. பிச்சைமுத்து உடனே ஏரிப் படத்தை இறக்கிச் சட்டத்தைப் பிரித்தார். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சட்டத்தின் அடிக்கட்டையில் கரையான் நுழைந்த பொடி உதிர்ந்தது. சட்டத்தை அடுப்பில் போட்டார். இனி இந்தப் படத்தை எங்கே வைப்பது? பெட்டியில் வைத்தால் இராமபாணப் பூச்சி தின்னும். பாயடியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சுவரை நம்பவே முடியாது.

வீட்டில் எதுவுமே கெடாத இடம் ஒன்று இருந்தது. பின்பக்கம் கூரையை இறக்கிப் போட்ட சாய்ப்பில், விறகடுப்புக்கு நேர் மேலே. செல்லியம்மாள் விதைக்கு வைத்த சோளக்கதிர், பூசணி விதை, அவரை விதை எல்லாம் அங்கேதான் கொத்துக் கொத்தாகத் தொங்கும். புகை படுகிற பொருளைப் பூச்சி அண்டாது. அடுத்த விதைப்பு வரை ஒரு மணி விதை சொத்தையாகாது. காலங்காலமாக எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். பிச்சைமுத்து படத்தை மேலும் கீழும் மூங்கில் பத்தை கொடுத்துக் காலண்டர் போலக் கட்டி, சோளக்கதிருக்குப் பக்கத்தில் உயரமாகத் தொங்கவிட்டார். வெள்ளைத் தாளில் புகை பட்டால் என்ன ஆகும் என்று ஊர்ச் சுவரையெல்லாம் வெள்ளையடிக்கிற மனுஷனுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அத்தனை பயம் பூச்சிமேல்.

மார்கழியில் மூச்சுவிட நேரமில்லாத வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருவார். அடுப்பங்கரையில் நிமிர்ந்து பார்த்தால் படம் தொங்குவது நிழலாகத் தெரியும். பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வார்.

பொங்கல் கழிந்து, புதுச் சட்டமும் கண்ணாடியும் தயார் செய்துகொண்டு, பகல் வெளிச்சத்தில் படத்தை இறக்கினார்.

நீலம் இல்லை. ஏரி கஷாய நிறத்தில் கிடந்தது. பால் வெள்ளை மூடுபனி பழுப்பேறியிருந்தது. படத்தில் விடியற்காலம் போய்ப் பொழுது சாய்கிற நேரமாகிவிட்டது. சப்பாத்தி மாவை உருட்டி ஒரு மூலையில் மெல்ல ஒற்றி எடுத்துப் பார்த்தார். மாவில் கரி ஒட்டியது, பழுப்பு போகவில்லை. இன்னும் அழுத்தினால் தாளே வந்துவிடும். கையை எடுத்துக்கொண்டார்.

எழில்மதி கிட்ட வந்து குனிந்து தேடினாள். "தண்ணி எங்கப்பா போச்சு?"

"பூச்சி வந்துடப்போவுதுன்னு மேல கட்டி வெச்சேன், கண்ணு. பொகை ஏறிட்டுது."

அவள் பழுப்பேறிய ஏரியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் கேட்டது இது இல்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பார். "பரவால்ல, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவள் படமில்லாமல் போனாள். பிச்சைமுத்துவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மற்ற படங்களைப் பார்த்தாலும் உள்ளே போக முடியவில்லை, தாளாகத்தான் தெரிந்தது. தன் கையால் கெடுத்தோமே என்கிற துக்கம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கெட்டுப்போன படத்துக்கு ஓர் இடம் இருக்கிறதே என்று, அதைப் பழைய வேட்டியில் சுற்றி அரச மரத்தடிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் எழில்மதி போன் செய்தாள். சாப்பாடு, மாமியார், கோயிலில் கூட்டம் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"அப்பா, இங்க தோட்டத்துப் பக்கம் போய் நின்னா மேக்கால ஒண்ணுமே இல்லப்பா."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"மலையே இல்ல. கழனி, அதுக்கப்பறம் வானம். பொழுது சும்மா அப்பிடியே கீழ போயிடுது. பாத்தா இன்னாமோ மாதிரி கீது." பிறகு கேட்டாள். "அந்தப் படத்தத் தூக்கிப் போட்டுட்டியா?"

"எது, பொகை புடிச்சதா?"

"அதான். அதக் குடுத்துட்டுப் போப்பா."

பிச்சைமுத்து மறுநாள் வேலைக்குப் போகவில்லை. படத்தைப் பிரித்துப் பாயில் பரப்பினார். பத்திரிகைக் கீற்று, சார்ட் தாள், டிவி அட்டை எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார். கண்ணாடியை மூடுமுன், புகை ஏறிய பிறகு முதல்முறையாக அதை நிதானமாகப் பார்த்தார். ஏரிக்கரை வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் புகை படிந்து கிடந்தது. பின்பக்கம் செல்லியம்மாள் அடுப்பு மூட்டும் நேரத்தில், சாய்ப்பில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை இப்படித்தான் தெரியும். எழில்மதி பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்து படிப்பாள். பசை காய்கிற வரைக்கும் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆள் உள்ளே போய்விட்டார்.

பேருந்தில் வேட்டி சுற்றிய சட்டத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெரிசலில் நின்றவர்கள்கூட மேலே படாமல் ஒதுங்கினார்கள். ஓர் அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்த சாமிங்க?" என்று கேட்டாள்.

"சாமியில்லீங்க."

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அய்யோ, எப்ப தவறினாங்க?" என்றாள். மலைங்க, வெறும் மலை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவைத்தார். உளுந்தூர்பேட்டை வரைக்கும் அந்த அம்மா அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திருநாவலூரில் எழில்மதி படத்தை வாங்கி வேட்டியை அவிழ்த்தாள். மேற்குச் சுவரில் இடம் பார்த்து வைத்திருந்தாள். பிச்சைமுத்து ஆணி அடிக்க, அவளே மாட்டினாள். மாட்டிவிட்டு நகரவில்லை. அவருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. சட்டத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், புகை படிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா இந்நேரம் அடுப்பு பத்த வெச்சிருக்கும்" என்றாள்.

"ஆமா, வெச்சிருக்கும்" என்றார் பிச்சைமுத்து. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கீழே விழுந்த ஆணியைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.