உச்சிக்குழிக்குப் போட்ட பற்று

மயிலிட்டியில் நான் மிட்வைஃப்பாகப் பொறுப்பெடுத்த முதல் வாரமே ராசாத்தியின் ஏழு மாதப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து உச்சிக்குழி விழுந்துவிட்டது. தகப்பன் கடலில். விழுந்த குழியைத் தூக்கி நிறுத்தக் கிளம்பியவர் அவருடைய தமக்கை பூமணி அக்கா.

நான் போனபோது பிள்ளையின் உச்சியில் உளுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்த பற்று. பூமணி அக்காவின் பெருவிரல் பிள்ளையின் வாய்க்குள், மேலண்ணத்தில்.

"என்ன செய்யிறியள்?"

"உள்ளுக்காலை தள்ளிறன் மிசி. மேலை பற்று இழுக்கும்."

"பால் குடுத்தனீங்களோ?"

"வயித்தாலை போற பிள்ளைக்கு ஆரும் பால் குடுப்பினமே? நேற்றையிலையிருந்து ஒண்டும் குடுக்கேல்லை."

ஏதோ சாதித்தவர் போலச் சொன்னார். மூலையில் நின்ற ராசாத்தியின் சட்டை பால் கசிந்து நனைந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறக்கும்போது மண்டையோட்டு எலும்புகள் ஒட்டியிருப்பதில்லை. முன்பக்க நுதலென்பும் இரு பக்கச் சுவரென்புகளும் சந்திக்கும் இடத்தில் எலும்பே கிடையாது, சவ்வும் தோலும்தான். உடம்பில் நீர் வற்றினால் அந்த இடம் பதியும். அண்ணத்துக்கும் உச்சிக்கும் நடுவில் மூக்கறை, அடித்தள எலும்பு, மூளை எல்லாம் இருக்கின்றன. இத்தனையையும் தாண்டி ஒரு பெருவிரல் உச்சியைத் தூக்குமென்றால், மூழ்கிய வள்ளங்களைத் தூக்கவும் பூமணி அக்காவையே கூப்பிட்டிருக்கலாம்.

பாலும் கஞ்சித்தண்ணியும் கொடுக்கச் சொன்னேன், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன்.

"நீங்கள் எத்தினை பிள்ளை பெத்தனீங்கள் மிசி?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அப்போது கலியாணமே ஆகவில்லை.

வந்து பார்க்கச் சொல்லி ஆசுபத்திரி டொக்டரிடம் ஓடினேன். அவருடைய அறையில் பெரிய மண்டையோட்டுப் படமொன்று தொங்கியது. எந்த எலும்பையும் பிரம்பால் தொட்டு லத்தீனில் பெயர் சொல்வார். மயிலிட்டி மணலில் மட்டும் சப்பாத்து வைக்கமாட்டார்.

"நீர் சொல்லிப்போட்டீர்தானே. கேக்காட்டி அவையின்ரை பாடு," என்றார்.

திரும்பி வந்தேன். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பற்று வைத்தியம் தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அக்கா, பற்று காய்ஞ்சு போச்சு. உள்ளுக்கும் ஈரமிருந்தால்தான் இழுக்கும். பற்றை நனைக்க நனைக்க, பிள்ளையின்ரை வாயிலை உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கரண்டி கரண்டியா விடோணும். இடையிலை தாய்ப்பால்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே," என்று என்னைக் கடிந்துகொண்டு கரண்டி எடுக்கப் போனார். ராசாத்தி பிள்ளையைப் பறிக்காத குறையாக வாங்கி மார்போடு அணைத்தாள்.

மறுநாள் பிள்ளை மூத்திரம் பெய்தது. குழியும் மெல்ல மேலே வந்தது. பூமணி அக்காவின் பற்றுத்தான் ஊரெல்லாம் பேச்சு. வீட்டுக்கு வீடு நானும் பற்றுக்கே ஆதரவு சொன்னேன், கரண்டியை மறக்காதீர்கள் என்ற ஒரே நிபந்தனையோடு.

"படிச்ச நீரே பற்றுப் போடச் சொல்லுறீராம்?" என்றார் டொக்டர், படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு.

"ஓம் சேர்," என்றேன். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தண்ணீர் உள்ளே போகட்டும், பெயர் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். ராசாத்தியின் மகன் வளர்ந்து வள்ளம் ஓட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள் துறையில் என்னைக் கண்டு நின்றான்.

"மாமியின்ரை பற்றாலைதான் நான் தப்பினனானாம், மிசி."

"ஓம் தம்பி," என்றேன்.